புதிய தாக்குதல் பயிற்சியாளர் வந்தபின் ரசிகரின் நம்பிக்கையில் தோன்றும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஹாக்ஐ அணியைப் பின்தொடர்பவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே கோளாறு திரும்பி வருகிறது. அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் எனப்படும் தாக்குதல் பயிற்சியாளர் மாறுகிறார். உடனே ரசிகரின் நம்பிக்கை அளவுக்கு மீறிச் சூடேறுகிறது, இல்லையென்றால் முதல் ஆட்டத்திலேயே அணைந்துவிடுகிறது. கர்க் ஃபெரன்ஸ் 1999இல் தலைமைப் பயிற்சியாளரானது முதல் இந்தப் பொறுப்பு கென் ஓகீஃப், 2012இல் கிரெக் டேவிஸ், 2017இல் ஃபெரன்ஸின் மகன் பிரையன், 2024இல் டிம் லெஸ்டர் என நால்வர் கைக்குப் போயிருக்கிறது. மூன்று மாற்றங்களின்போதும் அவசரப்பட்டுத் தவறான முடிவுக்கு வந்து, பிறகு ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டபோது எழுதிவைத்த குறிப்புகள் இவை.

தேவைப்படும் கருவிகள் குறைவு: ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் புள்ளிவிவரத் தாள். அந்தத் தாளிலும், ஒவ்வொரு முறை பந்து கைக்கு வந்தபோது எந்தக் கோட்டில் தொடங்கி எங்கே முடிந்தது என்று காட்டும் பகுதிதான் முக்கியம். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காரணங்கள் எளியதிலிருந்து செலவு மிக்கதை நோக்கிச் செல்கின்றன. முதல் காரணமே பொருந்திவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அறிகுறி 1: பருவம் தொடங்கும் முன்பே நம்பிக்கை கொதிக்கிறது

"எல்எஸ்யூவில் ஒருவர் வந்தார், எல்லாமே மாறிவிட்டது, நமக்கும் நடக்கும்" என்ற பேச்சு ஆகஸ்டு மாதத்தில் எழுந்தால் இந்த அறிகுறி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி, எல்எஸ்யூ எனப்படும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்; அங்கே குவார்ட்டர்பேக்காக, அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவராக, இருந்த ஜோ பர்ரோ 2018இல் 16 டச்டவுன் பாஸ்களை (எதிரணியின் எல்லைக்குள் சேர்ந்து புள்ளி தந்த வீச்சுகளை) வீசியிருந்தார், அடுத்த பருவத்தில் 60 வீசினார்; அணி 15–0 (15 வெற்றி, தோல்வியே இல்லை) என்று பட்டம் வென்றது. இவை அனைத்தும் உண்மை. ஆனால் பிரேடி வகித்தது பாஸ் ஆட்டத்துக்கான பொறுப்பு மட்டுமே. தாக்குதல் பயிற்சியாளர் என்ற பதவியில் முந்தைய ஆண்டிலிருந்தே ஸ்டீவ் என்ஸ்மிங்கர்தான் இருந்தார். பந்தைப் பிடித்தவர்கள் ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும். பருவம் முடிந்ததும் பிரேடி கரோலினா பாந்தர்ஸுக்குப் போனார், சேஸ், ஜெஃபர்சன், பர்ரோ மூவரும் விலகினர், 2020இல் எல்எஸ்யூ 5–5 என்று முடித்தது.

இதற்கு நேரெதிரான உதாரணம் அயோவாவிலேயே இருக்கிறது, அதை யாரும் ஆகஸ்டில் நினைவுகூர்வதில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகம் வின்ஸ் யங்கை வைத்து 2005 பருவத்தின் பட்டத்தை வென்றபோது தாக்குதல் பயிற்சியாளராக இருந்த கிரெக் டேவிஸ்தான் 2012இல் அயோவாவுக்கு வந்தார். குவார்ட்டர்பேக் ஜேம்ஸ் வாண்டன்பெர்க்கும் மாறவில்லை. 2011இல் 25 டச்டவுன் பாஸ்களை வீசியிருந்த அவர் 2012இல் வெறும் 7 வீசினார்; அணி 4–8 என்று சரிந்தது. அந்த 25இல் கிட்டத்தட்டப் பாதியைப் பிடித்துக்கொடுத்திருந்த மார்வின் மெக்நட் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டிருந்தார் என்பதை நம்மில் பலர் கணக்கில் எடுக்கவில்லை.

*முதல் சோதனை, செலவில்லாதது.* குவார்ட்டர்பேக், முந்தைய ஆண்டில் அதிகப் பந்துகளைப் பிடித்த முதல் இருவர், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையின் ஐவர் என எட்டுப் பெயர்களை எழுதி, திரும்பி வருபவர்களுக்கு மட்டும் குறியிடுங்கள்.

*ஆறு அல்லது அதற்கு மேல் குறி இருந்தால்:* நம்பிக்கை நியாயமானது, அப்படியே விட்டுவிடலாம்.

*குறைவாக இருந்தால், அல்லது குவார்ட்டர்பேக் காயத்திலிருந்து திரும்புபவராக இருந்தால்:* நம்பிக்கையைப் பாஸ் ஆட்டத்திலிருந்து எடுத்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஓட்டத்தின் மீது வையுங்கள். 2024இன் நிலை இதுவே. வெஸ்டர்ன் மிஷிகனில் 2017 முதல் 2022 வரை தலைமைப் பயிற்சியாளராகவும், அடுத்த ஆண்டு கிரீன் பே பேக்கர்ஸில் ஆய்வாளராகவும் இருந்த லெஸ்டர் வந்தபோது, குவார்ட்டர்பேக் கேட் மெக்நமாரா முந்தைய பருவத்தில் கிழிந்த முழங்கால் தசைநாரைக் குணப்படுத்திக்கொண்டிருந்தார். அதே வேளையில் 2023இல் 463 யார்டு மட்டுமே ஓடியிருந்த கேலப் ஜான்சன் என்ற ரன்னிங் பேக் முழு உடல்நலத்துடன் காத்திருந்தார். அவர் 2024இல் 1,537 யார்டு ஓடி, 21 டச்டவுன் அடித்தார். நம்பிக்கையை அவர் மீது வைத்தவர்கள் அந்த ஆண்டு நன்றாகத் தூங்கினார்கள்.

அறிகுறி 2: முதல் ஆட்டத்தின் இடைவேளையிலேயே "ஒன்றும் மாறவில்லை" என்ற முடிவு

2024 பருவத்தின் முதல் ஆட்டம், கின்னிக் அரங்கம், எதிரணி இல்லினாய் ஸ்டேட். இடைவேளையில் அயோவா 6–0. இரண்டு ஃபீல்ட் கோல்கள் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மும்மூன்று புள்ளிகள்), ஒரு டச்டவுன்கூட இல்லை. பார்த்துக்கொண்டிருந்த அறையில் யாரும் பேசவில்லை. ஒருவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, சிப்ஸ் கிண்ணத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். ஆட்டம் 40–0 என்று முடிந்தது.

*எளிய காரணம்: வழக்கமான ஆள் இல்லாமை.* அன்று தலைமைப் பயிற்சியாளரே ஓர் ஆட்ட இடைநீக்கத்தில் இருந்ததால் அரங்குக்குள் இல்லை. காயம், தண்டனை, நோய் ஆகியவற்றால் களத்தில் இல்லாதவர்களின் பட்டியலை ஆட்டத்துக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

*அடுத்த காரணம்: உத்தரவு தாமதமாக வருதல்.* 2024 முதல் பெரிய கல்லூரி அணிகளில் ஒரு வீரரின் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளர் நேரடியாகப் பேசலாம். அடுத்த முயற்சியைத் தொடங்கத் தரப்படும் நொடிக் கடிகாரத்தில் 15 நொடி மிஞ்சும்போது அந்த ஒலி துண்டிக்கப்பட்டுவிடும். ஆகவே தொலைக்காட்சியின் ஓரத்தில் தெரியும் அந்த நொடிக் கணக்கைப் பாருங்கள். 15 வரும்போதும் வீரர்கள் வட்டமாகவே நின்றுகொண்டிருந்தால், அல்லது குவார்ட்டர்பேக் ஓரக் கோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், ஒரு கோடு போடுங்கள். ஒரு பாதியில் நான்கு, ஐந்து கோடுகளுக்கு மேல் விழுந்தால் கோளாறு உத்தரவு சொல்லும் வேகத்தில் இருக்கிறது. பெரும்பாலும் மூன்றாவது ஆட்டத்துக்குள் சரியாகிவிடும்.

*அதற்கும் அடுத்தது:* ஸ்னாப்புக்கு (பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்குத் தரப்படும் நொடிக்கு) முன்பே முன்வரிசை அசைந்துவிடும் பிழைகள். புதிய ஆட்டமுறையில் ஸ்னாப்புக்கு முன் ஆட்கள் குறுக்கே நகர்வது கூடுகிறது. லெஸ்டரின் முறையிலும் அப்படியே. பழகாத கால்கள் ஆரம்பத்தில் தடுமாறும்.

இந்த மூன்றும் இல்லாமல் இடைவேளையில் 6 புள்ளி என்றால்கூட நான்காவது ஆட்டம் முடியும்வரை தீர்ப்பு எழுத வேண்டாம். இந்த அறிகுறிக்கு நிபுணர் தேவைப்பட்டதே இல்லை.

அறிகுறி 3: ஒரே ஆட்டத்தில் நம்பிக்கை வானத்தைத் தொடுகிறது

பிரையன் ஃபெரன்ஸின் முதல் ஆண்டில், 2017 நவம்பர் 4 அன்று, அயோவா ஓஹையோ ஸ்டேட்டை 55–24 என்று வீழ்த்தியது. அடுத்த வாரம் விஸ்கான்சினிடம் 38–14 என்று தோற்றது. அந்த ஆட்டம் முழுவதிலும் அயோவாவின் தாக்குதல் அணி நகர்ந்தது 66 யார்டு மட்டுமே. இரண்டு டச்டவுன்களையும் அடித்தவர் எதிரணியின் பந்தைப் பறித்து ஓடிய ஜாஷ் ஜாக்சன் என்ற தடுப்பு வீரர். சிகிச்சை ஒன்றுதான்: ஓர் ஆட்டத்தின் எண்ணை எழுதாமல், மூன்று ஆட்டங்களின் சராசரியை எழுதுங்கள்.

அறிகுறி 4: ஓட்டம் வருகிறது, பாஸ் வரவில்லை

அதிகம் கேட்கப்படுவதும், அதிகமாகத் தவறாகக் கணிக்கப்படுவதும் இந்த அறிகுறிதான். 2024இல் அயோவாவின் ஓட்டம் ஓர் ஆட்டத்துக்கு 200 யார்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. பாஸ் 130 யார்டை ஒட்டியே நின்றது. முந்தைய ஆண்டில் பாஸ் 118ஐ ஒட்டி இருந்தது என்பதால், புதிய பயிற்சியாளர் வந்தும் பாஸ் ஆட்டம் கிட்டத்தட்ட அசையவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு அவர் காரணமா என்று கண்டுபிடிக்கக் கீழ்க்கண்ட வரிசையில் செல்லுங்கள்.

*முதலில், பாஸ் வீச வேண்டிய நிலைமை எப்படிப்பட்டது?* பத்து யார்டு முன்னேற அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு; ஒவ்வொன்றும் ஒரு டவுன். முதல் டவுனில் 5 யார்டாவது வந்தால் சரி என்று குறியிடுங்கள்; இரண்டாவது டவுனில் மிச்சத் தூரத்தில் பத்துக்கு ஏழு பங்கு; மூன்றாவதில் முழுத் தூரமும். ஆய்வாளர்கள் ஓர் ஆட்டம் பலித்ததா என்று பார்க்கப் பரவலாகப் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான். முதல் டவுன் அடிக்கடி பலிக்காமல், மூன்றாவது டவுனில் 9, 10 யார்டு மிச்சம் வைத்து வீசும் பாஸ் எந்தக் குவார்ட்டர்பேக்குக்கும் கடினமானது. அப்படியானால் கோளாறு முதல் டவுனில்தான் இருக்கிறது.

*முதல் டவுன் நன்றாக இருந்தும் பாஸ் வராவிட்டால்,* ஸ்னாப் ஆன நொடியிலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை வாய்விட்டு எண்ணுங்கள். பந்து உரிய நேரத்தில் போய், அதைப் பிடிக்க வேண்டிய ரிசீவரின் கையில் பட்டுக் கீழே விழுந்தால் அது கைப்பிழை. மிக மலிவான கோளாறு, பயிற்சியில் தீரக்கூடியது. இரண்டு எண்ணுவதற்குள் குவார்ட்டர்பேக் கீழே தள்ளப்பட்டால் முன்வரிசை. அது ஒரு பருவத்துக்குள் தீராது. மூன்றைத் தாண்டியும் யாரும் அவரை நெருங்காமல், அவர் பந்தை வைத்துக்கொண்டு நின்றால் இரண்டில் ஒன்று: ரிசீவர்கள் யாரும் தனித்து நிற்கவில்லை, அல்லது நின்றவரை அவர் பார்க்கவில்லை.

இந்த இரண்டில் எது என்பதைத் தொலைக்காட்சியில் கண்டுபிடிக்க முடியாது. ஒளிபரப்புக் கேமரா பந்தையே பின்தொடர்கிறது. 20 யார்டு தள்ளி ஓடும் ரிசீவர்கள் படத்துக்கு வெளியே இருக்கிறார்கள். இருபத்திரண்டு பேரும் தெரியும் உயரமான கோணத்துப் படத்தைப் பார்த்து, இந்த ஆட்டத்தைப் பயிற்றுவித்த அனுபவமுள்ள ஒருவர் சொன்னால்தான் உண்டு. *நிபுணரை அழைக்க வேண்டிய கட்டம் இது.* உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பயிற்சி தந்தவர் யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால் ஒரு காபிக்கு அழையுங்கள். இந்தக் கட்டத்துக்கு வராமலேயே "திட்டம் சரியில்லை" என்று சொல்பவர் ஊகிக்கிறார் என்று பொருள்.

*அடுத்து, பந்தை வீசியவர் யார்?* 2024இல் மெக்நமாரா தொடங்கினார். நார்த்வெஸ்டர்னுடனான ஆட்டத்தில் அவர் காயப்பட்டு வெளியேற, பிரெண்டன் சல்லிவன் வந்தார். யூசிஎல்ஏவுடனான ஆட்டத்தில் சல்லிவனும் காயப்பட்டார். மேரிலாண்டுக்கு எதிராக, உதவித்தொகைகூட இல்லாமல் அணியில் சேர்ந்திருந்த ஜாக்சன் ஸ்ட்ராட்டன் முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்கினார். அந்த ஆட்டத்தை 29–13 என்று அயோவா வென்றது. மூன்று குவார்ட்டர்பேக்குகளைக் கொண்டு ஒரு பருவத்தை ஓட்டியவர் மீது பாஸ் யார்டு குறைந்ததென்று வழக்குப் போடுவது, இரண்டு முறை ஓட்டுநர் மாறிய பேருந்து தாமதமாக வந்ததற்கு நடத்துநரைக் கடிந்துகொள்வதைப் போன்றது.

புள்ளிவிவரத் தாளின் ஒரு பொறியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2024இல் நெப்ராஸ்காவுடனான ஆட்டத்தில் பின்தங்கியிருந்த அயோவா ஒரு ஸ்கிரீன் பாஸ் ஆடியது. எதிரணியின் முன்வரிசை குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரும்படி வேண்டுமென்றே விட்டுவிட்டு, ஸ்ட்ராட்டன் அவர்கள் தலைக்கு மேலாகப் பந்தை ஜான்சனிடம் மெல்லப் போட்டார்; ஜான்சன் 72 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். தாளில் அது 72 யார்டு பாஸ். அன்று அயோவாவின் மொத்த யார்டு 164. அந்த ஒரு வரியை நீக்கிவிட்டுத் தாளைப் படித்தால்தான் பாஸ் ஆட்டம் உண்மையில் எந்த நிலையில் இருந்தது என்பது விளங்கும். கடைசி நொடியில் ட்ரூ ஸ்டீவன்ஸ் 53 யார்டிலிருந்து அடித்த ஃபீல்ட் கோலால் அணி 13–10 என்று வென்றது. அந்த மகிழ்ச்சியில் யாரும் தாளைப் பார்க்கவில்லை, நானும்தான்.

*செலவு மிக்க தீர்வு:* வேறு கல்லூரியிலிருந்து குவார்ட்டர்பேக்கைக் கொண்டுவருவது. 2025 பருவத்துக்கு சவுத் டகோட்டா ஸ்டேட்டிலிருந்து மார்க் குரோனோவ்ஸ்கி வந்தது அதன் விளைவே. இந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டால் பழைய கணக்கை மூடிவிட்டு, அறிகுறி 1இலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

அறிகுறி 5: ஸ்கோர் பலகை நிறைகிறது, தாக்குதல் அணி நகரவில்லை

2022 பருவத்தின் முதல் ஆட்டத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட்டை அயோவா 7–3 என்று வென்றது. ஏழு என்றவுடன் ஒரு டச்டவுன் (ஆறும், கூடுதல் உதைக்கு ஒன்றும்) என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது ஒரு ஃபீல்ட் கோலும், எதிரணியை அதன் எல்லைக்குள்ளேயே மடக்கித் தடுப்பு அணி பெற்ற இரண்டு சேஃப்டிகளும். மூன்றும் இரண்டும் இரண்டும். எதிரணிக் குவார்ட்டர்பேக் மேலே சொன்ன அதே குரோனோவ்ஸ்கி.

புள்ளிகளை வைத்துத் தாக்குதலை அளப்பதில் உள்ள தொல்லை பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தத்திலேயே பதிவாகியிருக்கிறது. 2023 பருவத்துக்கு முன் பிரையன் ஃபெரன்ஸின் ஊதியம் 50,000 டாலர் குறைக்கப்பட்டு 8,50,000 டாலராக்கப்பட்டது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளிகளும் குறைந்தது 7 வெற்றிகளும் வேண்டும் என்று நிபந்தனை எழுதப்பட்டது. தடுப்பு அணியும் உதைகளுக்கான சிறப்பு அணிகளும் அடிக்கும் புள்ளிகளும் அந்த 25இல் சேரும். அத்தனை சலுகைக்குப் பிறகும் சராசரி 15.4இல் நின்றது, வெற்றிகளோ பத்து. அந்த ஆண்டு பன்ட் அடிக்கும் (தாக்குதல் முன்னேறாதபோது பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும்) டோரி டெய்லர் 93 முறை பந்தை உதைத்து, மொத்தம் 4,479 யார்டு என்று கல்லூரி வரலாற்றில் ஒரு பருவச் சாதனை படைத்தார். ஓர் அணியில் ரசிகர்கள் மிக அதிகமாக நேசிப்பவர் பன்ட் அடிப்பவர் என்றால், வேறு எந்தச் சோதனையும் செய்யாமலேயே நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

*சோதனை:* மொத்தப் புள்ளிகளிலிருந்து தடுப்பு அணி, எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுபவர் ஆகியோர் அடித்தவற்றைக் கழியுங்கள். பிறகு, எதிரணியின் 30 யார்டுக் கோட்டுக்குள்ளேயே தொடங்கிய முயற்சிகளில் வந்தவற்றைத் தனியே எழுதுங்கள். மிச்சமிருப்பதுதான் தாக்குதல் பயிற்சியாளரின் கணக்கு. லெஸ்டரின் முதல் ஆண்டில் சராசரி 27.7ஆக உயர்ந்தது, அதற்குள்ளும் மிசோரியுடனான மியூசிக் சிட்டி பௌலில் கேடன் வெட்ஜன் கிக்ஆஃபைத் திருப்பி 100 யார்டு ஓடி அடித்தது போன்றவை உண்டு. கழித்த பிறகும் ஏற்றம் தெளிவாகவே நிற்கிறது என்பதால், அந்த ஆண்டின் நம்பிக்கை பொய்த்ததாகச் சொல்ல முடியாது.

அறிகுறி 6: பெரிய அணியிடம் மட்டும் இயந்திரம் நின்றுபோகிறது

2024இல் ஓஹையோ ஸ்டேட்டிடம் 35–7. இடைவேளையில் 7–0 மட்டுமே. மூன்றாவது கால்பகுதியில் பந்தைப் பறிகொடுத்ததில் ஆட்டம் கைநழுவியது. எளிய காரணம் பறிகொடுத்த பந்துகள். செலவு மிக்க காரணம் எதிரில் நிற்கும் வீரர்களின் தரம். அந்த அணிதான் அந்தப் பருவத்தின் தேசியப் பட்டத்தை வென்றது. பறிகொடுத்தவற்றை நீக்கிப் பார்த்தும் இடைவெளி பெரிதாக இருந்தால், அது வீரர் சேர்ப்பின் கணக்கு. தாக்குதல் பயிற்சியாளரின் பக்கத்தில் எழுத வேண்டாம்.

அறிகுறி 7: ஆள் மாறியும் அதே ஆட்டம்

மேலே உள்ள எதுவும் பொருந்தாமல், இரண்டு பருவங்கள் கடந்தும் அணி பழையபடியே ஆடினால் மட்டும் இங்கே வாருங்கள். பார்க்க வேண்டியவை இரண்டு. நடுக்கோட்டருகே நான்காவது டவுனில் ஒரு யார்டு மிச்சமிருக்கும்போது அணி முயல்கிறதா, பன்ட் அடிக்கிறதா? முதல் பாதி முடிய ஒரு நிமிடம் இருந்து, நேர இடைவேளைகளும் கையில் இருக்கும்போது முன்னேறப் பார்க்கிறதா, மண்டியிட்டு நேரத்தை ஓடவிட்டு உள்ளே போகிறதா? இவை இரண்டும் தலைமைப் பயிற்சியாளரின் முடிவுகள். அயோவாவில் 2012 முதல் ஃபில் பார்க்கர் நடத்தும் தடுப்பு அணி அவ்வளவு வலுவானது; பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் தவறுவதற்காகக் காத்திருப்பது கர்க் ஃபெரன்ஸுக்குப் பல ஆண்டுகளாக வெற்றியே தந்திருக்கிறது. அந்த விருப்பத்தைத் தாக்குதல் பயிற்சியாளர் யார் வந்தாலும் மாற்ற முடியாது.

*இங்கே நிபுணர் என்பவர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர்;* அவரை அழைப்பது ரசிகரின் கையில் இல்லை. மகன் தந்தைக்குக் கீழே வேலை செய்ய விதி இடம் தராததால் பிரையன் ஃபெரன்ஸ் முறைப்படி இயக்குநருக்கே பதில் சொல்ல வேண்டியவராக இருந்தார். 2023 அக்டோபர் 30 அன்று, பருவம் முடியும் முன்பே, அவர் அடுத்த ஆண்டு தொடரமாட்டார் என்று இடைக்கால இயக்குநர் பெத் கோட்ஸ் அறிவித்தார். தாக்குதல் பயிற்சியாளரை மாற்றுவதில் செலவு அத்துடன் முடிந்துவிடுகிறது. தலைமைப் பயிற்சியாளரையே மாற்றுவது வேறு கணக்கு. டெக்சாஸ் ஏ அண்ட் எம், 2023 தொடக்கத்தில் பாபி பெட்ரினோவைப் புதிய தாக்குதல் பயிற்சியாளராகக் கொண்டுவந்து ரசிகரின் நம்பிக்கையை ஏற்றியது. அதே ஆண்டு நவம்பரில் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல்.

இந்தக் கட்டம் வரை வந்துவிட்ட ரசிகரிடம் மிச்சமிருப்பது, அடுத்த பருவத்துக்கான இருக்கையைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் தாள் மட்டுமே. அதை நிரப்பும் முன் குறிப்பேட்டில் அறிகுறி 4இன் பக்கத்தைத் திறந்து, குவார்ட்டர்பேக் காயப்படாத ஆட்டங்கள் எத்தனை என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஆறுக்கும் குறைவு என்றால் நீங்கள் அறிகுறி 7க்கு இன்னும் வந்து சேரவில்லை.